சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸ்

கிழக்கு லண்டனில் ஒரு ஓட்டலை லீஸுக்கு எடுக்கலாம் என்று பார்க்கப் போனேன். என் கண்ணில் முதலில் பட்டது சமையலறை இல்லை. கல்லாவுக்குப் பின்னால், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு பேப்பர். மது விற்கலாம், உள்ளேயே உட்கார்ந்து குடிக்கலாம், இரவு 1 மணி வரை என்று அதில் போட்டிருந்தது. கூட வந்த என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டே, "மச்சான், இந்தப் பேப்பருக்கே தனியா காசு கொடுக்கலாம்" என்றான். கொடுத்தேன். கடையை விட்டுப் போகிறவர் கேட்ட 18,000 பவுண்டில் 8,000 அந்த லைசென்ஸுக்கும் அங்கே இருந்த சின்ன பார் கவுண்டருக்கும் என்று பேச்சு. இது 2022 ஆகஸ்ட் கடைசியில். அந்தப் பேப்பர் செத்து அப்போதே இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. விற்றவருக்குத் தெரியுமா என்பது இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஓட்டல் தொழிலில் நான் புதியவன் இல்லை. வேறொருவர் கடையில் ஏழு வருடம் மேனேஜராக இருந்தவன். பரோட்டா மாவு எவ்வளவு நேரம் ஊற வேண்டும், சனிக்கிழமை எத்தனை கிலோ ஆட்டுக்கறி வாங்க வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் லைசென்ஸ் எப்போதும் முதலாளியின் தலைவலியாகத்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அதற்கான விலையைத்தான் பிறகு கட்டினேன்.

செப்டம்பர் நடுவில், பெயர் மாற்றம் செய்ய, உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலின் லைசென்சிங் பிரிவுக்கு போன் செய்தேன். டிரான்ஸ்ஃபருக்கு 23 பவுண்டுதான் கட்டணம், விண்ணப்பம் கொடுத்த அன்றிலிருந்தே புதியவர் நடத்தலாம் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்ததால் கவலையே இல்லை. மறுமுனையில் பேசிய பெண் லைசென்ஸ் எண்ணைக் கேட்டார், ஒரு நிமிடம் என்றார், திரும்பி வந்து, "இந்த லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதே" என்றார். அது ஒரு கம்பெனி பெயரில் இருந்தது. அந்தக் கம்பெனி ஜூன் மாதம், கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு, கலைந்துபோயிருந்தது. லைசென்ஸ் வைத்திருக்கும் கம்பெனி கலைந்தாலோ திவாலானாலோ, ஆளாக இருந்தால் இறந்துபோனாலோ, லைசென்ஸும் அந்த நிமிடமே செத்துவிடும். அதை உயிர்ப்பிக்க 28 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் டிரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். எனக்குச் சாவி கைக்கு வரும்போதே அந்த 28 நாள் போய்விட்டது.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மனைவி மட்டும் மடிக்கணினியைத் திறந்து, அந்தக் கம்பெனியின் பெயரைத் தட்டி, "என்னங்க, இதோ இங்க போட்டிருக்கே, கலைக்கப்பட்டதுன்னு" என்று காட்டினாள். காசில்லாமல், கணக்கு வழக்கு எதுவும் தொடங்காமல், இரண்டு நிமிடத்தில் யாரும் பார்க்கக்கூடிய விஷயம். 8,000 பவுண்டு கொடுப்பதற்கு முன் அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. கடை வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: சுவரில் இருக்கும் லைசென்ஸில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், கம்பெனியாக இருந்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று தேடுங்கள், பிறகு கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, வருடக் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டணம் கட்டாமல் விட்டால் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

சட்டம் போட்டு மாட்டியிருந்த பேப்பரைப் பற்றி இன்னொன்று. அது லைசென்ஸே இல்லை, லைசென்ஸின் சுருக்கம். ‘பார்ட் பி’ என்பார்கள். சுவரில் மாட்டச் சொல்வது அதைத்தான். முழு லைசென்ஸ், ‘பார்ட் ஏ’, கடைக்குள் எங்காவது கோப்பில் இருக்கும். கண்டிஷன்கள் எல்லாம் அதன் அனெக்ஸில், அதாவது பின்னிணைப்பில்தான். அனெக்ஸ் ஒன்றில் எல்லாருக்கும் பொதுவானவை. இரண்டில் விண்ணப்பித்தவர் தானே எழுதிக் கொடுத்தவை. மூன்றில் விசாரணைக்குப் பிறகு கவுன்சில் சேர்த்தவை. நான்கில் கடையின் வரைபடம். செத்துப்போன அந்த லைசென்ஸின் பார்ட் ஏ-யை பிறகு வரவழைத்துப் பார்த்தேன். மூன்றாவது அனெக்ஸில் ஒரு வரி: மேசையில் உட்கார்ந்து உணவு உண்பவர்களுக்கு, உணவுக்குத் துணையாக மட்டுமே மது பரிமாற வேண்டும். அதாவது அது உயிரோடு இருந்திருந்தாலும் நான் கனவு கண்ட பாரை அதை வைத்து நடத்தியிருக்க முடியாது. ஒரு மணி வரை என்ற எழுத்தைப் பார்த்து மயங்கிப்போனேன்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். நம்ம ஊரில் ரகம் பிரித்து வைத்திருக்கிறார்கள். டாஸ்மாக் கடையை ஒட்டிய பார் ஒரு பக்கம். கிளப்புக்கு எஃப்.எல்.2, நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்.எல்.3. மெஸ்ஸில் போய் உட்கார்ந்து யாரும் பீர் கேட்பதில்லை. இங்கிலாந்திலும் அப்படித்தான் ஏதோ ரெஸ்டாரண்ட் லைசென்ஸ், பார் லைசென்ஸ் என்று தனித்தனியாக இருக்கும், எனக்கு இருப்பது பார் லைசென்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2005 நவம்பரிலிருந்து இங்கே நடைமுறையில் இருக்கும் 2003-ஆம் வருடத்து லைசென்சிங் சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. பப், ஓட்டல், சூப்பர்மார்க்கெட், தியேட்டர் எல்லாவற்றுக்கும் இடத்துக்கென்று கொடுக்கும் ஒரே பிரிமைசஸ் லைசென்ஸ். நீங்கள் ஓட்டலா பாரா என்பதைத் தீர்மானிப்பது அனெக்ஸில் இருக்கும் நாலைந்து வரிகள். அந்த வரிகளை எழுதுவது பெரும்பாலும் நீங்களேதான்.

புது லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவானதும், காசை மிச்சம் பிடிக்க நானே படிவத்தை நிரப்பினேன். அதுதான் இரண்டாவது தப்பு. எங்கள் இடத்தின் வரி மதிப்புக்கு விண்ணப்பக் கட்டணம் 190 பவுண்டு, பிறகு வருடா வருடம் 180. வரைபடம் போட்டுக் கொடுத்தவர் 250 வாங்கினார். ‘என்ன வியாபாரம்’ என்ற இடத்தில் பெருமையாக ‘ரெஸ்டாரண்ட் அண்ட் பார்’ என்று எழுதினேன். நேரம் இரவு 1 மணி. உள்ளே குடிக்கவும் டிக், வெளியே வாங்கிப் போகவும் டிக், பாட்டுக் கச்சேரிக்கும் டிக். கேட்டுத்தான் வைப்போமே, குறைத்துக் கொடுத்தால் கொடுக்கட்டும் என்ற நம்ம ஊர்க் கணக்கு. குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத் தொல்லை, குழந்தைகளின் பாதுகாப்பு என்று நான்கு விஷயங்களுக்கு என்ன செய்வீர்கள் என்று எழுதவேண்டிய நான்கு பெட்டிகளில் ‘சிசிடிவி வைப்போம்’ என்று நான்கு முறை எழுதினேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

விண்ணப்பம் போட்ட மறுநாளிலிருந்து 28 நாள், வெளிர் நீலத் தாளில் ஒரு அறிவிப்பை வெளியிலிருந்து படிக்கும்படி ஒட்டி வைக்க வேண்டும். உள்ளூர் பத்திரிகையில் 10 வேலை நாளுக்குள் விளம்பரமும் தர வேண்டும். விளம்பரத்துக்கு 340 பவுண்டு. நீலத் தாளைக் கதவின் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினேன். பகலில் நன்றாகத் தெரிந்தது. தீபாவளி வந்தது, பையன்கள் ‘தீபாவளி ஸ்பெஷல் தாலி’ போஸ்டரை அதன் மேலேயே ஒட்டிவிட்டார்கள். நான் கவனிக்கவில்லை. ஆய்வுக்கு வந்த கவுன்சில் அதிகாரி போஸ்டரின் ஓரத்தில் எட்டிப் பார்த்த நீல நிறத்தைச் சுட்டிக்காட்டி, ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். 28 நாள் மறுபடி முதலிலிருந்து, பத்திரிகை விளம்பரமும் புதுத் தேதியோடு மறுபடி என்று மின்னஞ்சல் வந்தது. இன்னொரு 340. அதன் பிறகு நான் தினமும் காலையில் கடை திறக்கும்போது அந்தத் தாளை, பக்கத்தில் அன்றைய தேதி தெரிகிற ஏதாவது ஒன்றோடு, செல்போனில் படம் எடுத்து வைத்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். 28 படம் இருந்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது.

இதற்கிடையில் கடையை அக்டோபர் 1-ஆம் தேதியே திறந்துவிட்டேன், மது இல்லாமல். வாடகை ஓடிக்கொண்டிருக்கிறதே. வாடிக்கையாளர்கள் தாங்களே பாட்டில் கொண்டுவந்து குடிக்கலாம் என்று வைத்தேன். விற்றால்தான் லைசென்ஸ், அவர்கள் கொண்டுவந்ததை அவர்கள் குடிப்பதற்கு வேண்டியதில்லை. அது சரியாகத்தான் போனது. ஆனால் வெள்ளி, சனி இரவு 12 வரைக்கும் கொத்து பரோட்டா போட்டுக்கொண்டிருந்தேன். மது விற்காத கடைக்கு என்ன கட்டுப்பாடு இருக்கப்போகிறது என்று நினைப்பு. ஒரு நாள் கவுன்சிலிலிருந்து கடிதம். இரவு 11-இலிருந்து காலை 5 வரை சூடான உணவோ சூடான பானமோ விற்பதற்கும் அதே லைசென்ஸ் வேண்டும். எனக்கு நம்பவே முடியவில்லை. ஆறின இட்லி விற்கலாம், ஆவி பறக்கும் தோசை விற்கக்கூடாது. பால் பாயசத்தைக் குளிர வைத்துக் கொடுக்கலாம், ஃபில்டர் காபி கொடுக்கக்கூடாது. முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். லைசென்ஸ் இல்லாமலோ லைசென்ஸுக்கு மாறாகவோ நடத்தினால் ஆறு மாதம் வரை சிறை, உச்ச வரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும் என்று கடிதத்தின் அடியில் இருந்த வரியை மட்டும் மனைவிக்குக் காட்டாமல் மடித்து வைத்தேன்.

நவம்பர் கடைசியில் ஆட்சேபனைகள் வரத் தொடங்கின. மேல் மாடிகளிலும் பின் தெருவிலும் குடியிருக்கும் நான்கு வீட்டார். போலீஸ். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது திட்டமிடல் துறையின் கடிதம். கட்டடம் என்ன உபயோகத்துக்கு என்பது லைசென்ஸுக்குச் சம்பந்தமில்லாத தனிச் சட்டம். முன்பு ஓட்டல் ஏ3, குடிக்கும் இடம் ஏ4 என்று வகுப்புகள் இருந்தன. 2020 செப்டம்பர் 1 முதல் ஓட்டல், பல கடைகளோடு சேர்ந்து ஈ வகுப்புக்குள் போய்விட்டது. பாரும் பப்பும் எந்த வகுப்பிலும் சேராத தனி ரகம். ஆகவே ஓட்டலைப் பாராக மாற்றினால் திட்டமிடல் அனுமதி தனியாக வாங்க வேண்டும். நான் விண்ணப்பத்தில் எழுதிய ‘அண்ட் பார்’ என்ற இரண்டு சொற்கள், நானே என் வாயால் சொன்ன ஒப்புதலாகப் போய்விட்டன. போர்டிலும் அப்படியே எழுதியிருந்தேன். பார் கவுண்டரை இரண்டு மடங்கு நீட்டி, ஏழு உயர நாற்காலி போட்டு, பீர் குழாய் இழுத்து 4,200 பவுண்டு செலவும் செய்துவிட்டேன்.

அப்போதுதான் எங்கள் தெருவிலேயே இருபது வருடமாக மதுக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். விண்ணப்பத்தை முழுக்கப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தம்பி, நீங்கள் சாப்பாட்டுக்கடை வைக்கிறீங்களோ, சாராயக்கடை வைக்கிறீங்களோ? அதை முதல்ல உங்கட மனசில முடிவெடுங்கோ. பிறகு அதை மட்டும் எழுதுங்கோ" என்றார். தனக்குத் தெரிந்த ஒரு லைசென்சிங் ஆலோசகரிடம் அனுப்பி வைத்தார். அவர் வாங்கியது 900 பவுண்டு. செப்டம்பரிலேயே அந்த 900-ஐ நான் செலவழித்திருந்தால் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

ஆலோசகர் செய்தது மந்திரம் ஒன்றும் இல்லை. நேரத்தை 1 மணியிலிருந்து 11-க்கு இறக்கினார். கச்சேரியை எடுத்தார். ‘அண்ட் பார்’ போயிற்று. பிறகு போலீஸோடு பேசி, ஓட்டல்களுக்கு வழக்கமாகப் போடும் கண்டிஷன்களை நாமே முன்வந்து தருவதாக எழுதினார். மது உணவுக்குத் துணையாக மட்டும். மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும். பணியாளர் மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கவுண்டரில் நின்று வாங்கக்கூடாது. 25 வயதுக்குக் கீழே தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும். போலீஸ் ஆட்சேபனையை வாபஸ் வாங்கியது. வீட்டுக்காரர்கள் வாங்கவில்லை, அதனால் ஜனவரியில் விசாரணை. மூன்று கவுன்சிலர்கள், ஒரு நீண்ட மேசை, எனக்கு எதிர்வரிசையில் மேல் மாடிப் பாட்டி. அவர் கையில் ஒரு நோட்டு. பழைய கடை இருந்த காலத்தில் எந்த இரவில் எத்தனை மணிக்கு யார் கத்தினார்கள் என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். அவர் பேசி முடித்தபோது எனக்கே அவர் பக்கம் பேசலாம் போலிருந்தது. நான் செய்யாத சத்தத்துக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் அவர் தூங்காதது உண்மை. விற்பனை 10.30 வரை, கடை 11-க்கு மூட வேண்டும் என்று கொடுத்தார்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே ஒரு தட்டு வடையோடு மாடி ஏறி அவரைப் பார்த்திருந்தால் விசாரணையே வந்திருக்காது என்று ஆலோசகர் சொன்னார். பிறகு போனேன். இப்போது அவர் ஞாயிறு காலை மசால் தோசைக்கு வருவார்.

லைசென்ஸ் வந்தால் மட்டும் போதாது, மது விற்பனைக்குப் பொறுப்பாக, தனிப்பட்ட லைசென்ஸ் உள்ள ஒருவர் பெயர் அதில் இருக்க வேண்டும். டி.பி.எஸ். என்பார்கள். அதற்கு ஒரு நாள் வகுப்பு, 40 கேள்விப் பரீட்சை. எனக்குக் கடையை விட்டு வர முடியவில்லை என்று மனைவி போனாள். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் படாதவள் முதல் தடவையே பாஸ் செய்துவிட்டு வந்து, விஸ்கி, ஜின் போன்ற ஸ்பிரிட்டை 25 மில்லி அல்லது 35 மில்லி அளவில் கிடைக்கச் செய்ய வேண்டும், ஒயின் 125 மில்லிக்கும் இருக்க வேண்டும், கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம் என்று பையன்களுக்குப் பாடம் எடுத்தாள். வகுப்புக்கு 130, லைசென்ஸுக்கு 37. நான் செலவழித்ததில் உருப்படியான செலவு அதுதான்.

பிப்ரவரியில் முதல் பீர் ஊற்றினோம். ஏப்ரலில் மாட்டிக்கொண்டோம். ஒரு சனிக்கிழமை, மேசை கிடைக்காமல் ஒரு கூட்டம் வாசலுக்கும் கவுண்டருக்கும் நடுவே நின்றது. தெரிந்த பையன்கள். "அண்ணே, நிக்கிற நேரத்துக்கு ஆளுக்கு ஒண்ணு குடுங்கண்ணே" என்றார்கள். கொடுத்தேன். பத்து நிமிடத்தில் உட்காரப்போகிறவர்கள்தானே. அந்தப் பத்து நிமிடத்தில்தான் இரண்டு அதிகாரிகள் உள்ளே வந்தார்கள். நின்றுகொண்டு குடிப்பதை இவர்கள் ‘வெர்ட்டிகல் டிரிங்கிங்’ என்கிறார்கள். பார் என்பதற்கு இவர்கள் மனதில் உள்ள படமே அதுதான். கவுண்டரில் இன்னொருவர் பீரும் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜியுமாக உட்கார்ந்திருந்தார். அதிகாரி தட்டைப் பார்த்து, "இது உணவா?" என்று கேட்டார். நாலு மணிக்கு எங்கள் வீட்டில் இதுதான் டிபன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்ததில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1965-ல் இங்கே ஒரு வழக்கில், ஊறுகாயும் பீட்ரூட்டும் கூட வைத்துக் கொடுத்த சாண்ட்விச் சாப்பாட்டுக் கணக்கில் சேரும் என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது. 2020 கடைசியில் கொரோனாக் கட்டுப்பாடு இருந்தபோது, கணிசமான உணவோடுதான் மது கொடுக்கலாம் என்று சில பகுதிகளில் விதி வந்தது. ஸ்காட்ச் எக் என்று கைமா சுற்றிப் பொரித்த முட்டை இருக்கிறதே, அது முழு உணவா வெறும் ஸ்டார்ட்டரா என்று மந்திரிகளே ஆளுக்கொன்று பேசினார்கள். மேசை உணவு என்றால் என்ன என்று சட்டத்தில் சொல்லியிருக்கிறது: மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது, அல்லது மேசை போலவே பயன்படும் கவுண்டரில் உட்கார்ந்து சாப்பிடுவது. அதே கவுண்டரில் நிற்கிறவர்களுக்கும் பரிமாறினால் அது மேசைக் கணக்கில் வராது. என் கவுண்டர் அங்கேதான் தோற்றது. பஜ்ஜி தப்பித்துக்கொண்டது. இந்த ‘மேசை உணவு’ இன்னொரு இடத்திலும் வரும்: 16, 17 வயதுப் பிள்ளை, பெரியவர் ஒருவர் கூட இருந்து வாங்கிக் கொடுத்தால், மேசைச் சாப்பாட்டோடு பீரோ ஒயினோ, சைடர் என்கிற ஆப்பிள் மதுவோ குடிக்கலாம். கல்யாண நாள் விருந்துகளில் இதைக் கேட்பார்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் எக்காரணம் கொண்டும் கூடாது.

எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ஆலோசகர் ஒரு கேள்விதான் கேட்டார்: "காத்திருப்பவர்களுக்கு இடம் வேண்டும் என்று விசாரணையின்போதே ஏன் சொல்லவில்லை?" கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களாம். லைசென்ஸைத் திருத்த, சின்ன மாற்றத்துக்கு 89 பவுண்டு வழி ஒன்று இருக்கிறது, ஆனால் எங்கள் விஷயம் அதில் அடங்காது என்று முழுத் திருத்தத்துக்கே போகச் சொன்னார். மறுபடி 190, மறுபடி நீலத் தாள், மறுபடி 340-க்கு விளம்பரம். ஜூலையில், மேசைக்குக் காத்திருப்பவர்கள் எட்டுப் பேர் வரை, குறித்த இடத்தில் உட்கார்ந்து மட்டும் குடிக்கலாம் என்று ஒரு வரி சேர்ந்தது. போகப்போகத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். படிவம் நிரப்பும் முன் ஒரு சனிக்கிழமை இரவை மனதில் ஓட்டிப் பாருங்கள். யார் எங்கே நிற்பார்கள், குழந்தைகள் எங்கே, சாப்பிட்டு முடித்தவர் இன்னொரு கிளாஸ் கேட்டால் என்ன, பார்சலுக்கு வந்தவர் பீர் கேட்டால் என்ன. ஒவ்வொன்றுக்கும் பதிலை அதில் எழுதுங்கள். எழுதாதது எல்லாம் ‘கூடாது’ என்ற கணக்கில் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். செத்த லைசென்ஸுக்கு 8,000, கவுண்டருக்கு 4,200, மூன்று விளம்பரம் 1,020, தேதி முடிந்து கொட்டிய பீர் 600, ஆலோசகர், கட்டணங்கள், வகுப்பு, வரைபடம் எல்லாம் சேர்த்து 15,500-ஐத் தாண்டிவிட்டது. ஐந்து மாதம் மதுவில்லாமல் போன வியாபாரத்தை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் மனைவி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். கவுண்டரில் இப்போது பீர் குழாய்க்குப் பக்கத்தில் டபரா செட் அடுக்கியிருக்கிறது. ஏழு உயர நாற்காலியில் உணவு டெலிவரி பையன்கள் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

எங்கள் பார்ட் ஏ-யில் கண்டிஷன்கள் இருக்கும் மூன்று பக்கத்தை லேமினேட் செய்து கல்லாவுக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறோம். புதிதாக வேலைக்கு வருகிறவர் முதல் நாள் அதை மனைவி முன்னால் படித்துக் காட்ட வேண்டும். போன மாதம் தஞ்சாவூரிலிருந்து படிக்க வந்த பையன் ஒருவன் சேர்ந்தான். அவன் வந்த மூன்றாம் நாள் என் மச்சான் கடைக்கு வந்தான். வழக்கம்போல நேராகக் கவுண்டருக்குப் போய், ஒரு கையை அதன் மேல் ஊன்றிக்கொண்டு, "தம்பி, ஒரு பீர் போடு" என்றான். பையனுக்கு அவன் யாரென்று தெரியாது. சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியே வரவில்லை. பையன் மெனுவை எடுத்து நீட்டி, "சார், அந்த மூலை டேபிள் காலியா இருக்கு. உக்காருங்க. மொதல்ல ஒரு ஊத்தப்பம் சொல்லுங்க, பீரை நானே கொண்டாந்து தர்றேன்" என்றான்.